சாம்பியாவுக்கு ஒரு வேட்டி

என் தங்கை சாம்பியாவிலிருந்து எழுதிய முதல் கடிதத்தில் நலம் விசாரிப்பு இரண்டு வரி, அங்கே இன்னும் மழை இல்லை என்று ஒரு வரி. பிறகு நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள். "அண்ணா, நீ வயலுக்குக் கட்டுகிற பழைய வேட்டி ஒன்றைப் பார்சலில் அனுப்பு. புதிது வேண்டாம். நீ கட்டியதாக இருக்க வேண்டும்."

அந்த நீல ஏர்மெயில் தாளை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. கடைசியில், பசை தடவி ஒட்டியிருந்த விளிம்பில், நான் கிழித்ததில் பாதி போய், பொடி எழுத்தில் "குழந்தைக்குக் காது குத்த" என்று இருந்தது. குழந்தை பிறந்த செய்தியே எங்களுக்கு அந்த விளிம்பில்தான் கிடைத்தது. ஆணா பெண்ணா, எத்தனை மாதம், ஒன்றும் இல்லை. இப்படி எழுதினால் மனுசனுக்குத் தலை சுற்றாதா?

நாங்கள் பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் நெல் விவசாயம் செய்கிற குடும்பம். அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மாவும் நானும்தான். தங்கை படித்தவள். இடுக்கி மலையில் ஒரு தேயிலை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்துப் போனாள். போன இடத்தில் கூட வேலை பார்த்த வாத்தியாரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவர். தமிழர்தான், ஆனால் வேதக்காரர், கிறிஸ்தவர். ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எங்களுக்குத் தகவல் வந்தது. நான் ஊரெல்லாம் கேட்கிற மாதிரி குதித்தேன். எனக்குத் தங்கச்சியே இல்லை என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

எழுபதுகளில் ஆப்பிரிக்க நாடுகளுக்கு இங்கிருந்து நிறைய வாத்தியார்கள் போனார்கள். இவர்கள் இருவருக்கும் சாம்பியாவில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன் சொல்லிக்கொள்ள வந்தாள். அன்றைக்கு எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. நான் குனிந்து மடையைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தேன். முட்டிக்கு மேலே தூக்கிக் கட்டிய வேட்டி, அதில் தொடைவரை சேறு. வரப்பில் வந்து நின்று, "அண்ணா, போயிட்டு வாறேன்" என்றாள். நான் நிமிரவில்லை. மண்வெட்டியால் சும்மா மண்ணை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என் முதுகுக்குப் பின்னால் நின்றாள் என்று தெரியாது. நான் திரும்பியபோது வரப்பில் யாரும் இல்லை. கோபம் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். கோபமாக இருந்தால் அவள் போன பிறகு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் எந்தத் தகவலும் இல்லை. இப்போது வேட்டி கேட்டுக் கடிதம்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்தினால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். மாமன் வராமல் ஆசாரி ஊசியைக் கையில் எடுக்க மாட்டார். மாமன் கோபித்துக்கொண்டு வராமல் இருந்து, பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போகிற வரை காது குத்தாமல் கிடந்த கதையெல்லாம் எங்கள் ஊரில் உண்டு. அந்த நாட்டில் அவளுக்கு அண்ணன் தம்பி என்று யாரும் இல்லை. மடி என்னிடம் இருக்கிறது. அது நல்லேப்பிள்ளியில் இருக்கிறது.

"கடுதாசில என்ன கண்ணு போட்டிருக்குறா?" என்று அம்மா கேட்டாள்.

"கொழந்தை பொறந்திருக்குதாமா. காது குத்தோணுமாமா. என்ற வேட்டி வேணுமாமா."

அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டாள். "அனுப்பீரு."

"மாமன் மடின்னா மடிதான வேணும்? வெறும் வேட்டிய வெச்சு என்ன பண்றதுங்கறேன்? அது துணிதான?"

"மடிக்கு மேல துணிதான இருக்குது" என்று சொல்லிவிட்டு அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

என்னைக் கேலி செய்வதற்காகத்தான் தங்கை கேட்கிறாள் என்று ஒரு நேரம் தோன்றும். முதுகைக் காட்டி நின்றாயே, அந்த வேட்டியையே அனுப்பு என்கிறாள். இல்லை, என்னை மாமன் என்று ஒப்புக்கொள்ளச் சொல்லித்தான் கேட்கிறாள் என்று இன்னொரு நேரம் தோன்றும். அனுப்பினால் நான் அந்தக் கல்யாணத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடும். அனுப்பாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மாமன் இல்லை என்றாகிவிடும். இரண்டு நாள் மண்டை காய்ந்து, மூன்றாம் நாள் வேட்டியைத் துவைத்து மடித்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பாலக்காட்டுக்கு பஸ் ஏறினேன்.

வெளிநாட்டுப் பார்சல் வாங்குகிற ஜன்னலில் இருந்த குமாஸ்தா மலையாளி, நல்ல மனிதர். ஒரு தடிமனான புத்தகத்தைப் புரட்டிச் சாம்பியாவைக் கண்டுபிடித்தார். விமானத்தில் அனுப்ப எங்களுக்கு வக்கில்லை, கப்பலில்தான் என்றேன். அவர் சிரித்தார். அந்த நாட்டுக்குக் கடலே கிடையாதாம்.

"பின்ன கப்பல் எப்படிங்க போகும்?"

படிவத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். பம்பாயிலிருந்து கப்பல் வேறொரு நாட்டுத் துறைமுகத்துக்குப் போகும். அங்கே இறக்கி, ரயிலிலோ லாரியிலோ ஏற்றி, காடு மலை தாண்டி உள்ளே கொண்டுபோவார்கள். தெற்குப் பக்கத்து எல்லையை மூடிவிட்டதால் அந்த நாட்டின் சாமானெல்லாம் இந்த ஒரே வழியில் முட்டி மோதிக்கொண்டு போகிறதாம். எத்தனை நாளாகும் என்று கேட்டேன். மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக் கையை விரித்தார்.

"எந்தா உள்ளில்?"

"வேட்டிங்க."

"புதியதோ, பழையதோ?"

"பழசுங்க."

பேனாவை மூடி வைத்துவிட்டார். கட்டிய துணி என்றால், கிருமி நீக்கியதாக சர்க்கார் சுகாதார ஆபீசர் முத்திரை குத்திய சர்டிபிகெட் வேண்டுமாம். இல்லாவிட்டால் அங்கே போய் நெருப்பில் போட்டுவிடுவார்களாம். அப்படித்தான் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்றார்.

"இது என்ற வேட்டிங்க. வேற ஆரும் கட்டுனதில்லீங்க."

"அதுதன்னெ பிரஸ்னம்" என்றார். நான் கட்டியதுதான் பிரச்சினையாம்.

சுகாதார ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்தவர் எங்கள் பக்கத்துக்காரர், வாயாடி. வேட்டியை மேசைமேல் வைத்ததும் தள்ளி உட்கார்ந்து, "வேட்டிக்கு என்னங்க சீக்கு?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. விவரத்தைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"உட்டுட்டுப் போங்க. சலவைக் காரம் போட்டு வேக வெச்சு, ஆவி காட்டி, மருந்துத் தண்ணில முக்கி எடுக்கோணும். மூணு நாள் களிச்சு வந்தா முத்திரை போட்டுத் தாறேன்."

"அப்பறம் அதுல என்னங்க இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காது. அதுக்குத்தானுங்களே சர்டிபிகெட்டு."

வேட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ்சில் வரும்போதெல்லாம் இதே யோசனை. அவள் கேட்பது என் உடம்பு பட்ட துணியை. சர்க்கார் கேட்பது என் உடம்பு பட்ட அடையாளமே இல்லாத துணியை. இதில் நான் எதை அனுப்ப? முதலில் அந்த வேட்டியில் என்னதான் இருக்கிறது? துவைத்தும் போகாத சேற்றுக் கறை, வேர்வை, மாட்டுச் சாணி, பீடி நாற்றம். இதுதான் மாமனா?

கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. பார்சல் விவரம் தெரியாவிட்டால் என் நாத்தனாரைக் கேள், அவர்தான் எங்களுக்கு எல்லாம் அனுப்புகிறார் என்று. மாப்பிள்ளையின் அக்காள் அவர். இடுக்கி எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. செத்தாலும் அந்த வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று நான் சொல்லியிருந்தேன். சொன்னது கல்யாணம் நடந்த வருஷம். அம்மா அதை எடுத்துப் பேசவே இல்லை. ஒரு தூக்குப்போசியில் முறுக்கை நிரப்பி என் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான்.

பொள்ளாச்சி போய், உடுமலை போய், மறையூர் வழியாக மலை ஏறுகிற பஸ்சைப் பிடித்தேன். மேலே போய் இறங்கியதும் குளிரில் பல் அடித்துக்கொண்டது. எங்கள் வெயிலுக்கு ஏற்ற ஒற்றைச் சட்டையோடு போயிருந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண்பிள்ளையின் காலில் அட்டை கடித்த இடத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்த அம்மாள், என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். யார் என்று நான் சொல்லவே இல்லை. மூஞ்சி காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

"தோத்திரம். வாங்க சம்பந்தி, ஒரு வழியா மலை ஏறிட்டியளா?"

பதிலுக்குத் தோத்திரம் சொல்வதா, வணக்கம் சொல்வதா, சம்பந்தி என்றதற்கு முறைப்பதா, ஒன்றும் ஓடவில்லை. "ஆமாங்க" என்றேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவரை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று தெரியாமல், இருந்த நேரம் முழுக்க 'ஏனுங்க' என்றே ஓட்டினேன். அவரோ வரிக்கு வரி சம்பந்தி, சம்பந்தி என்று வேண்டுமென்றே போட்டுத் தாக்கினார்.

வீட்டுக்குக் கூட்டிப் போய், ஒரு கம்பளியைத் தோளில் போட்டு, சூடாகத் தேயிலைத் தண்ணி கொடுத்தார். "மருமவளப் பாக்கியளா?" என்று அலமாரியிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தார். மொட்டைத் தலையாக ஒரு குழந்தை, கண்ணை உருட்டிக்கொண்டு.

"பொண்ணுங்களா?"

"ஏ ஆத்தா! அதுகூடவா தெரியாது? ஆறு மாசம் முடியப் போவுது. உங்க மூக்குதான், பாருங்க."

எனக்கு மூக்கு தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. கம்பளி நாற்றம் என்று சொல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, சொந்த அண்ணனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ஆத்திரமாகவும் வந்தது. தெரிவிக்க வழி வைத்தேனா என்பது வேறு.

வேட்டி விவகாரத்தைச் சொன்னேன். உங்கள் ஆஸ்பத்திரியில் சர்டிபிகெட் தருவீர்களா என்று கேட்டேன். எஸ்டேட் முத்திரை செல்லாது, சர்க்கார் முத்திரைதான் வேண்டும் என்றார். பிறகு, "எதுக்கு உங்க வேட்டிய கேக்கான்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

"மாமன் மடிக்குத்தானுங்க."

"அது சரி. எங்க பக்கம் பிள்ளைக்குக் காது குத்துதோம், அதுக்கு இம்புட்டுச் சடங்கு கிடையாது. அப்பன் மடியில வச்சுக் குத்திருவோம்னு தம்பி சொல்லியிருக்கான். அதுக்கு அவ சொல்லுதாளாம், எங்க அண்ணன் மடியில்லாம எம்பிள்ளைக்குக் காது குத்த மாட்டேன்னு. சொல்லிட்டு ஒரே அழுகையாம். தம்பி எனக்கு எழுதிக் கேக்கான், இது என்னக்கா சங்கதின்னு. நான் என்னத்தச் சொல்ல?"

தேயிலைத் தண்ணியைக் குடித்தேன்.

கிளம்பும் முன், அந்த வாரம் அனுப்பத் தயாராக வைத்திருந்த தன் பார்சலைக் காட்டினார். அட்டைப்பெட்டியின் மேல் பழைய படுக்கைவிரிப்பை இறுக்கிச் சுற்றி, நெருக்கித் தையல் போட்டு, தையல்மேல் அரக்கு முத்திரை வைத்திருந்தார். "மேல் துணிக்குப் புதுசு போட்டுராதிய. கஞ்சி இருக்கும், ஊசி எறங்காது, மை பரவிரும். நாள்பட்டுத் துவைச்ச துணின்னா கிழியாமப் போய்ச் சேரும். தின்பண்டம் வைக்காதிய, எடுத்துருவான்." தின்பண்டம் என்றதும் முறுக்குத் தூக்கு ஞாபகம் வந்து கொடுத்தேன். கொண்டுவந்ததைக் கொடுக்க இவ்வளவு நேரமா என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பெண் குழந்தை, ஆறு மாதம், மூக்கு, மேல் துணிக்குப் பழசுதான் நல்லது, தின்பண்டம் கூடாது. அவள் அழுததை மட்டும் சொல்லவில்லை.

அப்புறம் நான் செய்த காரியத்தைச் சொல்ல எனக்கு இன்னமும் கூச்சமாக இருக்கிறது. வேக வைத்து மருந்தில் முக்கிய வேட்டியில் என் வாசனை ஒன்றும் இருக்காது. அப்படி ஒன்றும் இல்லாத வேட்டியைத்தான் அனுப்ப முடியும் என்றால், கடையில் வாங்கிய வேட்டியிலும் ஒன்றும் இல்லை. அப்போது இரண்டும் ஒன்றுதானே? இந்தக் கணக்கு அன்றைக்கு எனக்கு வெகு சரியாகப் பட்டது. பக்கத்துச் சித்தூரில் ஒரு புது வேட்டி வாங்கினேன். வாங்கி வந்த பிறகு மனசு கேட்கவில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் அதைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வயல்காரர் பார்த்துவிட்டு, "என்னுங்க, பொண்ணுப் பாக்கக் கெளம்பியாச்சுங்களா?" என்று கேட்டார். அவிழ்த்து, கடை மடிப்பு மாறாமல் மடித்து, உரிந்துவந்த லேபிளைச் சோற்றுப் பருக்கையால் திரும்ப ஒட்டினேன். அது இப்போது புதுசா பழசா என்று எனக்கே தெரியவில்லை.

அம்மாவிடம், "சர்டிபிகெட் தொல்லையெல்லாம் முடிஞ்சுது, இதுதான் அனுப்போணும்" என்று காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தேன். அம்மா பிரித்துப் பார்க்கவில்லை. விரலால் ஒருதரம் அழுத்திப் பார்த்தாள். பிள்ளைக்கு ஒரு கவுனும் கண்ணாடி வளையலும் சேர்த்து வைத்து, இரண்டு நாளாக உட்கார்ந்து பார்சலைத் தைத்தாள். ராத்திரி சிம்னி விளக்கு வெளிச்சத்தில், கண் எழுத்தில் மட்டும் இருக்க, நான் அதன்மேல் மையில் விலாசம் எழுதினேன். பெறுநர் விலாசத்தை இங்கிலீஷில் எழுத்து எழுத்தாகப் பார்த்து வரைந்தேன். கீழே அனுப்புநர் என்று என் பெயரும் ஊரும், தமிழிலும் இங்கிலீஷிலும். அந்த அம்மாள் சொன்னது சரிதான், மை துளியும் பரவவில்லை. அரக்கை உருக்கி முத்திரை வைக்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டேன்.

அதே குமாஸ்தா, அதே ஜன்னல். "புதியதோ?" என்றார். "புதுசுங்க" என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல் பார்சலைத் தள்ளினேன். அவருக்குச் சந்தோஷம். முத்திரையைப் படபடவென்று குத்தினார்.

அடுத்த தண்ணீர் முறைக்கு வயலுக்குக் கிளம்பினால் என் வேட்டியைக் காணோம். கொடியில் இல்லை, பெட்டியில் இல்லை.

"அது கிளிஞ்சு கெடந்துது. எடுத்துட்டேன்" என்றாள் அம்மா.

"எதுக்கு?"

"ஊட்டுல துணிக்கா வேலையில்லை?"

கிழிந்தால் என்ன, கட்டுகிறவன் நான்தானே என்று கத்தினேன். அம்மா பாட்டுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கரித்துணியாகிவிட்டது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. இனிமேல் யார் கேட்டாலும் அனுப்ப அந்த வேட்டி இல்லை.

பிறகு காத்திருப்பு. எங்கள் பக்கம் ஒற்றைப்படை மாதத்தில்தான் காது குத்துவார்கள். ஏழாம் மாதம் போனது. ஒன்பது போனது. "பார்சல் வரவில்லை அண்ணா, துறைமுகத்தில் மலைபோல் குவிந்து கிடக்கிறதாம்" என்று எழுதினாள். பதினொன்றும் போனது. "புது ரயில் பாதை போட்டிருக்கிறார்கள், வந்துவிடும் என்கிறார்கள்" என்று எழுதினாள். ஒவ்வொரு கடிதத்திலும், வந்த பிறகுதான் குத்துவோம், உன் மடியில்தான் குத்துவோம் என்று ஒரு வரி. அதைப் படித்ததும் கடிதத்தை அவசரமாக மடித்து வைத்துவிடுவேன். அந்தப் பார்சல் தொலைந்து போகட்டும், கப்பல் கவிழட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். பார்சல் தொலைந்தால் என் பொய்யும் தொலையும். கடையில் வாங்கிய துணிக்காக ஒரு பிள்ளை காது குத்தாமல் அங்கே காத்துக்கொண்டிருந்தது. உண்மையை எழுதிவிடலாம் என்று மூன்று தரம் ஏர்மெயில் தாள் வாங்கினேன். மூன்றிலும் மழை பெய்தது, அம்மா சௌக்கியம் என்றுதான் எழுதி அனுப்பினேன்.

இரண்டு போகம் அறுத்த பிறகு அந்தக் கடிதம் வந்தது. "பார்சல் வந்துவிட்டது. கையில் வாங்கியதுமே அழுதுவிட்டேன் அண்ணா. நம் வயல் வாசம் அடித்தது."

எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. கடைக் கஞ்சியில் ஏது வயல் வாசம்? கண்டுபிடித்துவிட்டாள், குத்திக் காட்டுகிறாள் என்று முதலில் பட்டது. அப்புறம், பாவம், எதையோ முகர்ந்து எதையோ நினைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள் என்று பட்டது. அது இன்னும் மோசமாக இருந்தது. அம்மா அந்த வரியை இன்னொருதரம் படிக்கச் சொன்னாள். படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடிதத்தை அம்மா மடியில் போட்டுவிட்டு எழுந்துபோனேன்.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். "அது நான் கட்டிய வேட்டி இல்லை. கடையில் வாங்கியது. உன்னை ஏமாற்றிவிட்டேன். எனக்கு மாமன் என்று சொல்லிக்கொள்ள யோக்கியதை இல்லை." தாளை ஒட்டி, மனசு மாறுவதற்குள் சைக்கிளில் போய்ப் பெட்டியில் போட்டேன்.

என் கடிதம் அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவே முடியாது, அதற்குள் அவளிடமிருந்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே ஒரு போட்டோவும் கடிதமும். போட்டோவில் நாற்காலியில் ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்திருக்கிறார், அந்த ஊர்க்காரர். கோட்டுப் போட்டிருக்கிறார், இடுப்பில் வேட்டி. வேட்டியில் கடை மடிப்பு கோடு கோடாகத் தெரிந்தது. அவர் மடியில் என் மருமகள் வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் தங்கை, இளைத்துப்போய், சிரித்துக்கொண்டு.

"இவர் எங்கள் ஹெட்மாஸ்டர்" என்று எழுதியிருந்தாள். "விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் ஊரிலும் அம்மாவோடு பிறந்தவனுக்குத்தான் மரியாதை அதிகமாம். உன் அண்ணன் வருகிற வரை அந்த இடத்தில் நான் உட்காருகிறேன் என்று சொல்லி உட்கார்ந்தார். நீ அனுப்பிய புது வேட்டியை அவருக்குக் கட்டிவிட்டோம். நீ கட்டியதை அவர் மடியில் விரித்தோம். இரண்டையும் அனுப்பியது ரொம்ப நல்லதாகப் போயிற்று அண்ணா."

இரண்டையுமா? நான் அனுப்பியது ஒன்றுதானே? போட்டோவை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். குழந்தைக்கு அடியில், வேட்டிக்கு மேலே, நாலு பக்கமும் ஒழுங்கில்லாமல் வெட்டிய ஒரு துண்டுத் துணி விரித்திருந்தது. ஓரமெல்லாம் ஊசி போன ஓட்டை. ஒரு மூலையில் கறுப்பாகப் பொட்டு, உடைந்த அரக்கு. குழந்தையின் காலுக்குக் கீழே ஏதோ எழுத்து, தலைகீழாக. போட்டோவைத் திருப்பிப் பிடித்தேன். என் கையெழுத்து. அனுப்புநர் என்று இருந்தது, அதன் கீழே என் பெயர், நல்லேப்பிள்ளி. மையைத் தாண்டி, துவைத்தும் போகாத சேற்றுக் கறை திட்டுத் திட்டாகத் தெரிந்தது.

பார்சலுக்கு மேலே தைத்த துணிக்கு எந்த சர்க்காரும் சர்டிபிகெட் கேட்கவில்லை.

போட்டோவை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். "தெரிஞ்சுதான் பண்ணுனியா?"

"என்னத்த?"

"என்ற வேட்டிய."

"மேல் துணிக்குப் பழசுதான் நல்லதுன்னு அந்த மலைக்காரப் புள்ளை சொல்லுச்சுன்னு நீதான சொன்னே?" என்றாள் அம்மா. போட்டோவை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். "நல்லா அளுகுறா. மாமன் மடியில எல்லாப் புள்ளையும் அப்பிடித்தான்." அவள் சாகிற வரை நான் எத்தனையோ முறை கேட்டேன். எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். அவள் தெரிந்து செய்தாளா, கையில் கிடைத்த துணியை எடுத்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று சாயங்காலம் ஒரு ஏர்மெயில் தாள் வாங்கினேன். என்ன எழுதுவது என்று நெடுநேரம் யோசித்தேன். முந்தைய கடிதத்தைக் கிழித்துப் போடு என்று எழுதலாம். ஹெட்மாஸ்டருக்கு என் கும்பிடு என்று எழுதலாம். இருந்த அத்தனை இடத்தையும் விட்டுவிட்டு, நடுவில் ஒரே ஒரு வரி எழுதினேன். "அம்மணி, போயிட்டு வா."

அவள் வரப்பில் நின்று போயிட்டு வாறேன் என்று சொல்லி மூன்று வருஷம் ஆகப்போகிறது. இதற்குள் போய்ச் சேர்ந்து, பிள்ளை பெற்று, காதும் குத்தியாகிவிட்டது. இப்போது போய் இதை எழுதுகிறானே என்று அவளுக்குக் குழப்பமாக இருந்திருக்குமோ என்று பயந்தேன். மூன்று வாரத்தில் பதில் வந்தது. அதிலும் ஒரே வரிதான்.

"வாறேன் அண்ணா."